எஸ்ஸெட் எழாமல் போன கதை

கணினிக்குள் எழுத்துகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு தரவுக்கிடங்கில் பெயர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்தன. எழுத்துக்கு ஓர் அறைதான். கூடக் கேட்டாலும் கிடைக்காது.

வைஸ்னர் (Weißner) என்ற ஜெர்மன் பெயரின் நடு அறைக்காரன் எஸ்ஸெட். ß என்று கூன் விழுந்த உருவம், இரட்டை எஸ்ஸின் ஒலி அவனுக்கு. ஏழு அறை, ஏழு பேர். கடைசி அறையில் ஆர் அக்கா.

ஒருநாள் கிடங்குக் காவலன் வந்து, "எல்லாரும் பெரிய எழுத்தாகுங்க!" என்று அதட்டினான். சின்ன a பெரிய A ஆவதுபோல, முதல் வரிசை விறைத்து நிமிர்ந்தது. ä, ö என்று தலையில் இரண்டு புள்ளி சுமந்தவர்கள்கூடப் புள்ளி சிந்தாமல் எழுந்துவிட்டார்கள். அந்த வரிசையிலும் ஓர் எஸ்ஸெட் இருந்தான். எழுந்தவன் அப்படியே பிளந்து, இரண்டு பெரிய எஸ் ஆனான். இரண்டு பேருக்கு இடம் வேண்டுமே! ஆளாளுக்கு ஓர் அறை தள்ளிப்போக, கடைசி எழுத்து சுவருக்கு வெளியே விழுந்தது. அலறல் பாதியிலேயே நின்றுபோனது.

நம் எஸ்ஸெட் திரும்பி ஆர் அக்காவைப் பார்த்தான்.

"தம்பி, நீ எழுந்தா நான்தானேடா விழுவேன்?" என்றாள் ஆர் அக்கா.

"பயப்படாதக்கா. நான் எழ மாட்டேன்."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் பயம்தான். சொன்ன பேச்சைக் கேட்காதவனை அழித்துவிட்டால்?

காவலன் வந்து நின்றான். ஆறு பேர் நிமிர்ந்தார்கள்.

"நீ ஏன்டா எழலை?"

"எனக்குப் பெரிய உருவமே கிடையாதுங்க."

காவலன் விரல் விட்டு எண்ணினான். ஏழு அறை, ஏழு பேர். "அப்படியே கிட, தொலை," என்று அடுத்த வரிசைக்குப் போனான். ஆர் அக்கா அழுதே விட்டாள். பிழைத்தோம் என்று எஸ்ஸெட்டும் மூச்சு விட்டான். பாவம், பின்னால் வரப்போவது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் யாரோ வைஸ்னர் என்ற பெயரைத் தேடி வந்தார்கள். கொண்டுவந்த சீட்டில் எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் எஸ்ஸெட்டுக்குப் பதில் இரண்டு எஸ்.

"நாங்கதான்! இங்கேதான் இருக்கோம்!" ஏழு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

காவலன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தான். "அப்படி யாரும் இங்கே இல்லைங்க," என்று கதவைச் சாத்தினான்.

இடம் தாராளமாக உள்ள சில கிடங்குகளில் எஸ்ஸெட் பயமில்லாமல் இரண்டாகிறான். மற்ற பல இடங்களில், நிமிர்ந்த எழுத்துகளின் நடுவே அவன் மட்டும் குனிந்தே உட்கார்ந்து, உள்ளே இருந்துகொண்டே 'இல்லை' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பது அன்றிலிருந்துதான்.