எலியும் தாழைக்கோழியும்

ஏரிக்கரை மடத்துக்கு ஒரே ஒரு வயல். மழை பொய்த்த அந்த ஆண்டு, அதன் விளைச்சலை நம்பித்தான் மடத்தில் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

மடத்தின் குரு நாகம்மை. சீடர் சடையப்பர் அவளைவிட மூத்தவர். படையில் இருந்துவிட்டு வந்தவர். வயலைக் காப்பது அவர் பொறுப்பு.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எலிகள் இறங்கின. விடிந்து பார்த்தால் தாள்கள் அறுந்து கிடக்கும். சடையப்பர் வளைகளைத் தோண்டித் தோண்டி எலிகளை அடித்தார். செத்த எலியையும் விடாமல் அடித்தார்.

ஒருநாள் நாகம்மை வயலுக்கு வந்தாள். மறுகோடியில், நீல உடம்பும் சிவந்த அலகுமாக ஒரு தாழைக்கோழி நெற்பயிரை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது.

“அதை விரட்டவில்லையா?”

“பறவைதானே அம்மா. பசிக்குத் தின்னும், போய்விடும். பார்க்கவும் அழகாக இருக்கிறது.”

“எலி?”

“அது திருட்டு ஜென்மம். இருட்டில் வருகிறது. தின்றது போதாதென்று வளையில் பதுக்குகிறது.”

“ஒடிந்த தாளில் இது எலி, இது கோழி என்று தெரிகிறதா?”

சடையப்பரின் முகம் சிவந்தது. “எலிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?”

“இல்லை. எலியை அடிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பயமாக இருந்தது.”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் பெரிய எலி ஒன்று வரப்புக்குள் புகுந்தது. சடையப்பர் வரப்பை வெட்டினார். வளை நீண்டுகொண்டே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் வெட்டிக்கொண்டே போனார். வரப்பு அடியோடு சரிந்தது.

ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரை அன்று காலைதான் வயலுக்குப் பாய்ச்சியிருந்தார்கள். அது முழுவதும் ஓடையில் இறங்கி ஓடியது. சடையப்பர் உடைப்பில் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். கடைசியில் தானே குறுக்கே படுத்தார். தண்ணீர் நிற்கவில்லை.

கதிர் முழுக்கப் பதராகிக் காய்ந்தது. எலிகள் வேறு வயலுக்குப் போய்விட்டன. தாழைக்கோழியும் வரவில்லை.

வெடித்த சேற்றில் நாகம்மை வந்து நின்றாள். அவள் உதடுகள் துடித்தன. அவளுக்குக் கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சடையப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்கள் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் புரிகிறது அம்மா. அந்தக் கோழியையும் சேர்த்து அடித்திருக்க வேண்டும்.”

நாகம்மை காய்ந்த கதிர் ஒன்றை ஒடித்து அவர் கையில் வைத்தாள்.

“இரண்டும் தின்ற பிறகும் நமக்கு நெல் இருந்தது, ஐயா.”