மேல்மலையில் பழுத்த மிளகாய்

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் கடைசியாகத் திரும்பும் ஊரில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தியவர் அன்னக்கொடி அம்மா. வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தில்லைநாயகத்துக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுக்காரரை எப்படிக் குருவாக நினைப்பது என்று முதல் வாரம் தடுமாறினார். இரண்டாவது வாரம் அடித்த குளிரில் அதெல்லாம் மறந்துபோயிற்று.

ஒருநாள் சமையலறையில் அம்மா கையை நீட்டினார்.

"ரெண்டு மொளகா வத்தல் எடுங்க ஐயா."

தில்லைநாயகம் எடுத்தார். நீட்டிய கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மியின் மேல் வைத்தார்.

"கையில குடுத்தா என்ன?"

"மொளகாயைக் கையில குடுக்கக் கூடாதும்மா. குடுக்கிறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் சண்டை வந்துரும். எங்க வீட்ல எப்பவும் கீழ வச்சுத்தான் எடுப்போம்."

"அதனால உங்களுக்கு யாரோடயும் சண்டை இல்லையாக்கும்?"

"இல்லவே இல்லை." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "வத்தலக்குண்டுல ஒரே ஒரு தங்கச்சி இருக்கா. சொர்ணவல்லின்னு பேரு. அவ மக கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் எம் பேரையே விட்டுட்டாங்க. ஏன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலை. கல்யாணத்துக்கும் போகலை. ஒம்பது வருசமாச்சு. ஒரு சண்டை உண்டா, ஒரு சத்தம் உண்டா?"

அம்மா வத்தலைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகத்தின் குரல் இறங்கியது.

"ஆனா வத்தலக்குண்டு பஸ் கீழ இறங்குறப்பல்லாம் நெஞ்சு எரியுதும்மா. கண்ணை மூடுறதுக்குள்ள அவளை ஒருதடவை பாப்பனான்னு இருக்கு. சண்டையே போடாதவனுக்கு ஏன் இப்படி எரியணும்?"

கிள்ளிய வத்தலைத் தட்டி, விழுந்த விதைகளை ஒரு காகிதத்தில் மடித்தார் அம்மா. அன்று நறுக்கிய குடைமிளகாயின் விதையிலும் கொஞ்சம் எடுத்து இன்னொரு காகிதத்தில் மடித்தார். இரண்டையும் அம்மியின் மேல் வைத்தார்.

"இதுல ஒரு மொளகாப் பழம் பழுக்க வச்சுக் கொண்டாங்க. அப்பச் சொல்றேன்."

"இந்தக் குளிர்லயா?"

"குளிர்லதான் நாம இருக்கோம்."

அந்த ஊரில் உருளைக்கிழங்கு வரும், பூண்டு வரும், கேரட் வரும். மிளகாய் மட்டும் கீழிருந்து பஸ்ஸில்தான் வரும். தில்லைநாயகம் மிளகாய் போடப் போகிறார் என்று கேள்விப்பட்டு டீக்கடையில் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

மாசி மாதம் விதைத்தார். பன்னிரண்டு நாள் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதை போட்டபடியே கிடந்தது. மறுபடி கொஞ்சம் விதையை ஈரத்துணியில் முடிந்து, விறகடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். எட்டாம் நாள் முளைவிட்டது. அன்று அவர் மடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பூசைக்குப் பூ பறித்துக்கொண்டிருந்தவரையும் விடவில்லை.

மடத்தின் தெற்குப் பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. நாற்றைத் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தார். ஜன்னல் இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தார். மேலே டேப் ஒட்டினார். ஊசி முனையளவு காற்றுகூட நுழைய முடியாது. குடைமிளகாய்த் தொட்டியை மட்டும் தனியாக எதிர்மூலையில் வைத்தார்.

"அது ஏன் அங்க?" என்றார் அம்மா.

"பக்கத்துல வச்சா மொளகாயோட காரம் அதுல ஏறிருமே."

"ஏறினா எனக்கும் ஒரு வாய் குடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

வைகாசியில் செடிகள் பூத்தன. சின்னச்சின்ன வெள்ளைப் பூக்கள். தில்லைநாயகம் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். நான்கு நாளில் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. குளிர்தான் காரணம் என்று இன்னொரு சுற்று டேப் ஒட்டினார். மூன்றாம் முறையும் உதிர்ந்தபோது அழுகை வந்துவிட்டது. மிளகாய்க்காகவா அழுகிறோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா வந்து பார்த்தார். உதிராமல் மிச்சமிருந்த ஒரு பூவை ஆள்காட்டி விரலால் சுண்டினார்.

தில்லைநாயகம் பதறிப்போனார்.

"பூவை அடிக்கிறீங்களேம்மா!"

"அடிக்கலை. உலுக்குறேன்." அடுத்த பூவைச் சுண்டினார். "குளிரு வரக் கூடாதுன்னு அடைச்சீங்க, சரி. காத்தும் வரலை, தேனீயும் வரலை. பூவுக்குள்ள இருக்கிற பொடி உதிர்ந்தாத்தான காய் பிடிக்கும்? நீங்களாவது தொட்டிருக்கலாம்."

"தொட்டா உதிர்ந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

"தொடாமத்தான இம்புட்டும் உதிர்ந்து கிடக்கு."

அதன்பின் தினமும் காலையில் அவரே ஒவ்வொரு பூவாகச் சுண்டினார். முதல் நாள் பட்டும் படாமல் சுண்டினார். நான்காம் நாள் பழகிவிட்டது. வெயில் ஏறியதும் ஜன்னலைத் திறந்தார். ஒரு தேனீ உள்ளே வந்து குடைமிளகாய்ப் பூவில் உட்கார்ந்து, பிறகு மிளகாய்ச் செடிக்குப் போயிற்று. அதை விரட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பத்து நாளில் பிஞ்சு தெரிந்தது. விரல் நீளத்துக்கு வளர்ந்தது. பிறகு பச்சையாகவே நின்றுவிட்டது.

"பறிச்சிரலாமா?"

"நான் காயா கேட்டேன்?"

ஆடி முழுக்கச் சாரல். பின்னேரங்களில் தொட்டியை அடுப்படிக்குத் தூக்கினார், வெயில் வந்தால் திரும்பத் தூக்கி வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. குடைமிளகாய் ஒன்று பெருத்து வந்ததும் பயந்துபயந்து ஒரு துண்டு கடித்துப் பார்த்தார். காரம் இல்லை. இத்தனை மாதம் அதை எதற்கு மூலையில் ஒதுக்கி வைத்தோம் என்று நினைத்துக்கொண்டே மிச்சத்தையும் தின்றார்.

ஆவணி பிறந்து ஐந்தாம் நாள், மிளகாய் நுனியிலிருந்து காம்புவரை சிவந்திருந்தது. பறித்துக்கொண்டு ஓடினார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மிளகாயை அவர் முன்னால் தரையில் வைத்தார்.

"பழம்மா."

அம்மா எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்ப சொல்லுங்க. எனக்கு ஏன் எரியுது?"

"வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு."

"இதைக் கொண்டுபோய் சொர்ணவல்லிகிட்டக் குடுங்க."

தில்லைநாயகம் நேரத்தைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா. ஒரு தட்டுல வச்சு..." என்று ஆரம்பித்தார்.

"தட்டு வேணாம்." அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் மிளகாயை வைத்து விரல்களை மூடினார். "இப்படி."

"கையிலயா? கையில குடுத்தா சண்டை வந்துருமேம்மா!"

"வரட்டும் ஐயா. சண்டை போடணும்னா அவங்க உங்ககிட்ட வாயைத் தொறந்து பேசணும்ல?"