காவல் விலக்கப்பட்டது

"என் கோபம் அடங்க ஒரு வழி சொல்லுங்கள், சாமி" என்றாள் மருதி.

ஏரிக்கரைச் சாமி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். மருதியைவிட ஓரிரு வயது இளையவர். ஆனாலும் அமைச்சர்களும் படைத்தலைவர்களும் அவர் காலடியில் வந்து உட்காருவார்கள்.

"யார் மேல் கோபம்?"

"அதைத்தான் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்."

அவர் கையில் இருந்ததை எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"உட்கார்ந்து சொல்."

மருதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவள் மொழிபெயர்ப்பவள். கடல் கடந்த சாவளத் தீவில் அவளுடைய தகப்பனார் உப்பு வணிகம் செய்தார். அந்த மண்ணில் பிறந்து, அந்தப் பிள்ளைகளோடு ஆடி வளர்ந்தவள் அவள். பெருவள நாட்டு அரசர் சாவளத்தில் தூதர் மாளிகை அமைத்தபோது, தூதர் இளங்கண்ணர் அவளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்.

இளங்கண்ணர் சிரிக்கத் தெரிந்த மனிதர். சந்தைக்குத் தாமே போய் மீன் வாங்குவார். தப்பும் தவறுமாகச் சாவள மொழி பேசி மீன்காரிகளிடம் திட்டு வாங்குவார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆண்டு தீவின் போக்கு மாறியது. பெருவள நாட்டார் நம் கடலையே விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மாளிகை வாசலில் கல் விழுந்தது. பிறகு தீப்பந்தம் விழுந்தது.

அப்போது பார்த்துத் தலைநகரிலிருந்து கப்பல் வந்தது. மாளிகையைக் காத்துநின்ற வேற்படையை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அரசர் பட்டமேற்றதன் வெள்ளி விழா. ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமாம்.

இளங்கண்ணர் அடுத்த கப்பலிலேயே மருதியை அனுப்பினார்.

"ஓலை அனுப்பினால் யாராவது அதன் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். உன் மேல் யாரும் உட்கார முடியாது. நீயே போய்ச் சொல்" என்றார்.

அயல்நாட்டு உறவுகளைக் கவனிக்கும் அமைச்சர் விழுப்பரையர் அவளை அன்பாகத்தான் வரவேற்றார். மோர் கொடுத்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் போனாள். "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார்கள்.

பிறகும் போனாள். "விழா முடியட்டும் அம்மா" என்றார்கள்.

விழா நாளில் கூட்டத்தோடு கூட்டமாகத் தெருவில் நின்றாள். சாவளத்துக் காவலர்கள் புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவர் முகமும் அவளுக்குத் தெரியும். மேளம் அதிர்ந்தது. மேலேயிருந்து பூப் போட்டார்கள்.

விழா முடிந்து வந்த முதல் கப்பல் செய்தியைக் கொண்டுவந்தது.

"மாளிகை எரிந்துவிட்டது, சாமி. இளங்கண்ணர் போய்விட்டார். சமையற்காரர் போய்விட்டார். தோரேன் என்று சாவளத்துக்காரன் ஒருவன், எங்கள் வாயிற்காவலன். கதவைத் திறந்துவிடு என்று அவன் ஊர்க்காரர்களே சொல்லியும் திறக்கமாட்டேன் என்று நின்றான். அவனும் போய்விட்டான். அவனைத் தேடிவந்த அவன் பெண்டாட்டியும்..."

சட்டென்று நிறுத்தினாள்.

"பாருங்கள், நானே 'போய்விட்டார்கள்' என்கிறேன். எங்கே போனார்கள்? வெட்டிக் கொன்றார்கள், சாமி. கொன்றார்கள்."

சாமி தண்ணீரிலேயே நின்றார்.

"வெட்டியவர்களைச் சாவளத்து மன்னர் பிடித்துவிட்டார். தண்டனையும் கொடுத்துவிட்டார். அங்கே நடக்க வேண்டியது நடந்தது. இங்கே?"

"இங்கேயும் விசாரணை வைத்தார்களே."

"வைத்தார்கள். போய் நின்றேன். 'நானே நேரில் வந்து கேட்டேன்' என்றேன். 'நீ வந்தது உண்மைதான், முறைப்படி கேட்கவில்லை' என்றார்கள். வீடு பற்றி எரியும்போது ஓடிவந்து கூப்பிடுகிறவளுக்கு முறை என்ன முறை?"

"என்ன தீர்ப்பு?"

அவளுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. "'மாளிகையின் காவல் விலக்கப்பட்டது. கோரிக்கை கவனிக்கப்படவில்லை. உயிர்கள் இழக்கப்பட்டன.' அவ்வளவுதான். விழுப்பரையர் இன்னும் அமைச்சர். இளங்கண்ணருக்கு நடுகல் வைக்கப் போகிறார்கள். அந்த விழாவை முன்நின்று நடத்துகிறவரும் அவர்தான்."

சாமி இன்னொரு கொத்தைப் பிடுங்கினார்.

"மனசாட்சி உறுத்தவில்லையா என்று அவரையே கேட்டேன். உங்கள் பெயரைச் சொன்னார்."

"என் பெயரையா?"

"'செய்பவன் என்று எவனும் இல்லை, எல்லாம் நடக்கிறது. என் குரு எனக்குச் சொன்னது இது' என்றார். சபையில் எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்."

சாமி மெல்ல நடந்து கரையேறினார். வேட்டியைப் பிழியக்கூட மறந்துவிட்டார். கரையில் குவிந்திருந்த ஆகாயத்தாமரையின் மேலேயே உட்கார்ந்தார்.



"ஆசி வழங்க வாருங்கள் என்று நடுகல் விழாவுக்கு என்னை அழைத்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். இப்போது வருகிறேன். நீ?"

"என்னையும் கூப்பிட்டார்கள். இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் சாவளத்திலிருந்து வந்திருக்கிறார்கள். தீர்ப்பை அவர்கள் மொழியில் நான் சொல்ல வேண்டுமாம். முடியாது என்றுவிட்டேன்."

"ஏன்?"

"பொய்யை எப்படி மொழிபெயர்ப்பது?"

"அதில் எது பொய்?"

மருதி ஒவ்வொரு வரியாக எண்ணிப் பார்த்தாள். காவல் விலக்கப்பட்டது. உண்மை. கோரிக்கை கவனிக்கப்படவில்லை. அதுவும் உண்மை. உயிர்கள் இழக்கப்பட்டன. ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று விரல் வைக்க முடியவில்லை.

"போய் மொழிபெயர்" என்றார் சாமி.

"நீங்களுமா?"

"அப்படியே மொழிபெயர். நீயாக ஒன்றும் சேர்க்காதே."

மருதி அவரைக் கும்பிடவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வழியெல்லாம் அவரை வாய்விட்டே திட்டினாள். எல்லோரும் ஒரே கும்பல், குருவாம் குரு.

ஆனாலும் விழாவுக்குப் போனாள். தோரேனின் தங்கை லூமா வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். அதற்காகப் போனாள்.

லூமா சந்தையில் மீன் விற்பவள். இளங்கண்ணரைத் திட்டியவர்களில் அவளும் ஒருத்தி. முன்வரிசையில், புரியாத மொழிக்கு நடுவே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

எதிரே மேடையில் அரசர். அவருக்கு வலப்பக்கம் விழுப்பரையர். இடப்பக்கம் சாமி. இருபுறமும் மற்ற அதிகாரிகள். நடுகல்லைப் பட்டுத்துணியால் மூடிவைத்திருந்தார்கள்.

இளங்கண்ணரின் பெருமையைப் பாடினார்கள். பாட்டு நன்றாகவே இருந்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழுப்பரையர் எழுந்து தீர்ப்பின் முதல் வரியைச் சொன்னார்.

"தூதர் மாளிகையின் காவல் விலக்கப்பட்டது."

மருதி லூமாவின் பக்கம் திரும்பினாள். மாளிகை என்றாள். காவல் என்றாள். வினைச்சொல்லுக்கு வந்தாள்.

நாக்கு நின்றுவிட்டது.

சாவள மொழியில் ஒரு செயலைச் சொன்னால் அதைச் செய்தவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் விலக்கினேன், நீ விலக்கினாய், இன்னார் விலக்கினார். யார் என்பது இல்லாமல் அந்த வாக்கியம் முடியாது. பிறந்தது முதல் பேசுகிற மொழி. இது ஒரு தடையாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"என்ன?" என்றார் விழுப்பரையர்.

"ஐயா, விலக்கியது யார்?"

மேடையில் யாரோ இருமினார்கள்.

"நான் சொன்னதை அப்படியே சொல், அம்மா."

"அப்படித்தான் சொல்லப் பார்க்கிறேன். அவர்கள் மொழியில் முடியவில்லை. யார் விலக்கியது என்று சொன்னால்தான் வாக்கியம் முடியும்."

விழுப்பரையர் சிரித்தார். பழகிய, பொறுமையான சிரிப்பு.

"சரி. 'காலம்' என்று சொல்லிக்கொள்."

மருதி சொன்னாள். மாளிகையின் காவலைக் காலம் விலக்கியது.

லூமா கவனமாகக் கேட்டாள். பிறகு சந்தையில் கூவிப் பழகிய குரலில் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அரசர்.

"காலம் என்பவர் யார், இங்கே வந்திருக்கிறாரா என்று கேட்கிறாள்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"காலம் என்பது ஆள் இல்லை. விதி. விதி என்று மாற்றிச் சொல்" என்றார் விழுப்பரையர். அவர் குரலில் முதல்முறையாக அவசரம் தெரிந்தது.

மருதி மாற்றிச் சொன்னாள்.

லூமா எழுந்துவிட்டாள். மேடைக்கு அருகே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். படைத்தலைவரின் முன் நின்று கேட்டாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். கருவூலத் தலைவரின் முன் நின்று கேட்டாள். அவர் தம் விரல்களைப் பார்த்தார். காவலர்கள் அவளைத் தடுக்கலாமா என்று தெரியாமல் தயங்கினார்கள். துக்க வீட்டுப் பெண்ணை, எல்லோரும் பார்க்க, எப்படிப் பிடித்துத் தள்ளுவது?

அவள் விழுப்பரையரின் முன்னால் வந்து நின்றாள். கேட்டாள்.

"நீங்கள்தான் விதியா என்று கேட்கிறாள்" என்றாள் மருதி.

விழுப்பரையர் இடப்பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்களாவது இவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். செய்பவன் என்று எவனும் இல்லை என்று..."

சாமி எழுந்தார்.

"மருதி, இதை மொழிபெயர். 'அந்த வார்த்தையை இவருக்குச் சொன்னவன் நான்.'"

மருதி மொழிபெயர்த்தாள். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போனது.

லூமா சாமியைப் பார்த்தாள். கேட்டாள்.

"எதற்காகச் சொன்னீர்கள் என்கிறாள்."

"கால்வாய் வெட்டிவிட்டேன், ஊரெல்லாம் என் பெயர் என்று மார்தட்டிக்கொண்டு வந்தார். அந்த மார்தட்டலுக்குச் சொன்னேன். உன் அண்ணனைத் தனியே நிற்கவைத்ததற்கு அல்ல." சாமி அவளை நேராகப் பார்த்தார். "அதை அன்றைக்கே நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை."

மருதி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

லூமா சாமியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் விழுப்பரையரின் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

நடுகல்லின் மேலிருந்த பட்டு காற்றில் படபடத்தது.

விழுப்பரையர் மருதியைப் பார்த்தார். மோர் கொடுத்த நாளில் பார்த்தது போல இல்லை. இப்போதுதான் அவள் வந்து நிற்கிறாள், இப்போதுதான் அவளைக் காண்கிறார் என்பது போலப் பார்த்தார்.

"விலக்கினேன்" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் விலக்கினேன். இவள் வந்து கேட்டாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் காவலைத் திருப்பி அனுப்பவில்லை. ஊர்வலத்தில் வேல் போதாது என்று அரசர் சொன்னார். அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை."

அரசரின் கை உயர்ந்தது.

"அதை மொழிபெயர்க்க வேண்டாம்."

மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்தார்கள். மருதி சாமியைப் பார்க்கவில்லை. அரசரையும் பார்க்கவில்லை. லூமாவின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

அமைச்சர் சொன்னது முழுவதையும் சாவள மொழியில் சொன்னாள்.

பிறகு சொன்னாள்: "இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அரசர் சொன்னார்."