மறைக்க வைத்த தட்டி

ஒரு காட்டில், ஓடைக் கரையோரமாக, முள்ளாயி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்குள் பிறந்து பத்தே நாள் ஆன இரண்டு குட்டிகள். அவற்றின் முதுகு முள் இன்னும் மயிர் மாதிரி மெத்தென்று கிடந்தது.

வாசலை அழகாக வைத்துக்கொள்வதில் முள்ளாயிக்குக் கொள்ளை ஆசை. அதற்காக அது எங்கேயும் அலைந்து திரிந்ததில்லை. ஓடையில் ஒதுங்கிய நத்தை ஓடுகளை வரிசையாகப் பதித்துப் பாத்தி கட்டியது. கரடி தின்றுவிட்டு எறிந்த விளாம்பழ ஓடுகளில் மண் நிரப்பித் துளசி வைத்தது. தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளைக்கூட விடவில்லை. சாய்ந்த நாற்றுக்கெல்லாம் ஊன்றுகோலாகக் குத்தி வைத்தது. குட்டிகளைக் குளிப்பாட்டிய தண்ணீர் பீர்க்கங்கொடிக்குப் போயிற்று.

ஒரே ஒரு குறைதான். கொடி படரப் பந்தல் இல்லை. அது தரையிலேயே தவழ்ந்தது. வைத்த மொட்டெல்லாம் சேற்றில் அழுகியது.

அப்போது காட்டில் ஒரு செய்தி பரவியது. காட்டுக்கே மூத்த யானை, வருகிற பௌர்ணமியன்று ஓடைக்கரையைப் பார்வையிட வருகிறது!

உடனே நரி தன்னை அழகுக் குழுத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டது. யார் நியமித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், பிள்ளைகளே. அந்தக் கேள்வியை நரியிடம் ஒருவரும் கேட்கவில்லை. வந்த வினையே அதுதான்.

"பௌர்ணமிக்குள் எல்லார் வாசலிலும் பூமரம் நிற்க வேண்டும்!" என்றது நரி.

"நாலு நாளில் மரம் எப்படி வளரும்?" என்று முயல் பயந்துகொண்டே கேட்டது.

"வளர்க்க யார் சொன்னது? வெட்டி நடு!"

அவ்வளவுதான். காட்டிலிருந்த கொன்றைக் கிளைகளில் பாதி வெட்டுப்பட்டு வாசல் வாசலாக வந்து நின்றது. தேனீக்கள் வெட்டுப்பட்ட மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பின.

கடைசியாக நரி முள்ளாயியிடம் வந்தது.

"என்ன முள்ளாயி, இது வாசலா, குப்பைமேடா?"

"வாசல்தான். பார்த்தால் தெரியவில்லையா, நரியாரே?"

"கரடி எச்சில்படுத்திய ஓடு, செத்த நத்தையின் கூடு, உன் முதுகில் கொட்டிய முள்... யானையார் இதையா பார்க்க வேண்டும்? கொன்றைக் கிளை எங்கே?"

"மரத்தில் இருக்கிறது. அங்கே அது சௌக்கியமாகத்தான் இருக்கிறது."

"வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை! இரு, இரு. யானையாரிடம் சொல்லி உன்னைப் பாறைமேட்டுக்கு மாற்றுகிறேன்."

முள்ளாயி வளைக்குள் இருந்த குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. பாறைமேட்டில் வளை தோண்ட முடியாது. சிறுத்தை திரிகிற இடம் வேறு. முள் முற்றாத குட்டிகள் அங்கே எத்தனை நாள் தாங்கும்?

ஆனாலும் அது விடவில்லை. "ஒன்று மட்டும் சொல்லுங்கள். எது குப்பை? வேரோடு நிற்பதா, வேரில்லாமல் நிற்பதா?"

பதில் இல்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதையே நரியும் செய்தது. மறுநாள் காலையில் பெரிய ஓலைத் தட்டி ஒன்றைக் கொண்டுவந்து, முள்ளாயியின் வாசல் வெளியே தெரியாதபடி மறைத்து ஊன்றிவிட்டது. போக வர ஓரத்தில் ஒரு சந்து மட்டும் விட்டது.

பக்கத்து வளை முயல் ஓடிவந்தது. "அக்கா, உன்னை இப்படி மூடிவிட்டார்களே! பேசாமல் இரண்டு கொன்றைக் கிளையை நட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடு."

முள்ளாயி தட்டியைச் சுற்றி வந்தது. முதுகால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தது. தட்டி அசையவில்லை.

"நல்ல கட்டு. குறுக்கே மூங்கில் வேறு வைத்திருக்கிறார். முயலே, அந்தக் கொடியின் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

"எதற்கு அக்கா?"

"பந்தல் இல்லை, பந்தல் இல்லை என்று எத்தனை நாள் புலம்பினேன்! வீடு தேடி வந்ததை விடுவேனா?"

பௌர்ணமி வந்தது. யானை வரவில்லை. வழியில் ஒரு பலாத்தோப்பு, பழுக்கிற பருவம். நின்றுவிட்டது. பெரியவர்கள் சொன்ன நாளில் வந்துவிட்டால் அப்புறம் அவர்கள் என்ன பெரியவர்கள்?

வெட்டி நட்ட கிளைகள் மூன்றாம் நாளே தலை தொங்கின. நரி புதுக்கிளை வெட்டச் சொன்னது. அதுவும் காய்ந்தது. அதற்குப் பிறகு வெட்ட மரத்தில் கிளை இல்லை.

பௌர்ணமி கழிந்து இருபதாம் நாள் சாயங்காலம் யானை ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வாசலாகப் பார்த்தது.

"இது என்ன, எல்லார் வீட்டிலும் விறகு நட்டிருக்கிறீர்கள்?"

"பௌர்ணமிக்கே வந்திருந்தால், ஐயா..." என்று நரி இழுத்தது.

"ஓகோ, பழி என் மேலா?" என்று திரும்பிய யானை அப்படியே நின்றுவிட்டது.

எதிரே ஒரு மஞ்சள் சுவர். தட்டி முழுக்கப் பீர்க்கங்கொடி; கொடி முழுக்கப் பூ. தேனீக்கள் ரீங்கரித்தபடி மொய்த்துக் கிடந்தன.

"அடடா! இதை யார் வைத்தது?"

"நான்தான் ஐயா! என் கையாலேயே வைத்தேன்!" என்று நரி முந்திக்கொண்டது.

முள்ளாயி சந்து வழியாக நிதானமாக வெளியே வந்தது.

"உண்மைதான் ஐயா. தட்டியை வைத்தது நரியார்தான். அப்படியே வேரையும் காட்டச் சொல்லுங்கள்."

"காட்டு" என்றது யானை.

நரி தட்டியின் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. முன்பக்கம் எங்கேயும் வேரில்லை. யானை கொடியைத் தொட்டபடியே தும்பிக்கையைத் தட்டிக்கு மேலாக நீட்டி எட்டிப் பார்த்தது. நத்தை ஓட்டுப் பாத்திக்குள் இருந்தது வேர். சுற்றிலும் விளா ஓட்டுத் துளசி. ஊன்றிய முள்ளில் சாய்ந்த நாற்றுகள். நடுவே இரண்டு சின்ன மூக்குகள்.

"ஏன் நரியே, இந்த முள்ளெல்லாம் உன் முதுகில் முளைத்ததா?"

"ஐயா, அது வெறும் குப்பை! உங்கள் கண்ணில் படக்கூடாது என்றுதானே தட்டி வைத்து மறை..." நரி சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது.

"மறைக்க வேண்டியது இது என்றால், காட்ட வேண்டியது எது? அந்த விறகா?"

"எங்களைப் பாறைமேட்டுக்கு அனுப்பப் போகிறாராம், ஐயா" என்றது முள்ளாயி.

"நீயும் உன் குட்டிகளும் இங்கேயேதான் இருப்பீர்கள். நரியே, ஒரு குச்சி விடாமல் எல்லாவற்றையும் நீயே பிடுங்கு!"

சொல்லிவிட்டு யானை பீர்க்கம்பிஞ்சுகளை ஆசையாகப் பார்த்தது. "இரண்டு பறித்துக்கொள்ளட்டுமா?"

"ஒன்று பறித்துக்கொள்ளுங்கள், ஐயா. மற்றது விதைக்கு" என்றது முள்ளாயி.

நீதி: வேரில்லாத பகட்டு, விருந்தாளி வரும்வரைகூடத் தாங்காது; உள்ளதைக் கொண்டு வளர்த்ததே வாசலுக்கு அழகு.