வேம்பு கசப்பைக் குடித்த நாள்

அந்தக் காலத்தில் வேப்பமரம் கரும்பைவிட இனிக்கும். நம்பாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். மரமும் மிருகமும் மனிதரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. தாகம் எடுத்தால் மேகங்கள் மலையிலிருந்து இறங்கிவந்து ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட காலத்தில் வேம்பு இனித்ததில் என்ன அதிசயம்?

இலை இனிப்பு, பட்டை இனிப்பு, குச்சியை ஒடித்துச் சப்பினால் தித்திப்பு நாக்கிலேயே தங்கிவிடும். அதனால் வேம்பைச் சுற்றி எந்நேரமும் கூட்டம்தான். கிளி, அணில், கரடி, போகிற வருகிற குழந்தைகள் எல்லாரும் அங்கேயே கிடப்பார்கள். வேம்புக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு நாள் யாராவது வராவிட்டால், "என்னவாம், உடம்புக்கு முடியலையாமா?" என்று காற்றிடம் கேட்டனுப்பும்.

கசப்பு அப்போது யாருக்கும் சொந்தமில்லை. அடிவாரத்துப் பாறைக்கு அந்தப்புறம் ஒரு கறுப்புச் சுனையாக அது தனியே கிடந்தது. மூடுபனி மட்டும் அதன்மேல் வந்து கொஞ்சநேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போகும்.

அந்த அடிவாரத்தில் தேனெடுக்கும் மக்கள் இருந்தார்கள். அவர்கள் தேனெடுக்கும் முறையே தனி. செங்குத்துப் பாறையின் நடுவில் தேனடை தொங்கும். உச்சியிலிருந்து ஒருவன் கொடியைப் பிடித்து இறங்குவான். மேலே அந்தக் கொடியைப் பிடித்துக்கொள்வது அவனுடைய மச்சினன்தான். வேறு யாரையும் நம்பிக் கொடுக்கமாட்டார்கள். கூடப்பிறந்தவள் புருஷனைப் பறிகொடுத்து நிற்பதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்? இறங்குகிறவனின் மனைவி பாறைக்குக் கீழே நின்று பாடுவாள். பாட்டு கேட்கிறவரை தேனீக்கள் கூட்டைவிட்டு வந்து அவள் தலைக்குமேல் கிறங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டு நின்றதோ, கிறக்கம் தெளிந்துவிடும். அப்புறம் கொடியில் தொங்குகிறவன் பாடு ஆபத்துதான்.

மருதி என்ற பெண் பாடினால் தேனீக்கள் மட்டுமல்ல, ஓடையும் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்பார்கள். அவள் புருஷன் சடையன் இறங்குவான். அவள் தம்பி நஞ்சன் கொடி பிடிப்பான். குரல் இனிக்க வேண்டும் என்பதற்காகத் தூங்கும்போது வேப்பங்குச்சி ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அந்த ஊர்ப் பாட்டுக்காரிகளின் வழக்கம். மருதியும் அப்படித்தான் தூங்கினாள். அவள் கனவுகூடத் தித்தித்தது. அந்தத் தித்திப்புதான் வினையாக வந்தது.

ஒரு தேன்நாளில் அவள் பாட்டின் நடுவில் கடைவாய்ப்பல்லில் சுருக்கென்று ஒரு வலி. அடுத்த அடி வாயில் வரவில்லை. தலைக்குமேல் கிறங்கிக் கிடந்த தேனீக்கள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டன. மேலே சடையன் அலறினான். நஞ்சன் உள்ளங்கைத் தோல் உரிய உரியக் கொடியை இழுத்து அவனை மேலே சேர்த்தான். முகம் பானைபோல் வீங்கிப்போய்க் கிடந்த சடையன் கண் திறந்ததும், "பாட்டு ஏன் புள்ளே நின்னுது?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால்கூட மருதி தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகத்தான் கேட்டான். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்த தேன்காலம் நெருங்கிவிட்டது. தேன் எடுத்து மாற்றாவிட்டால் மழைக்காலத்துக்குத் தினை கிடையாது. வலியோ விட்டபாடில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பல்வலி அப்படியில்லை, யாருக்கு வந்தாலும் ஊரே வைத்தியம் சொல்லும்.

முதலில் முள்ளம்பன்றி வந்தது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நீட்டி, "குத்தி நோண்டிப் பாரு தாயி, உள்ள இருக்கறது வெளிய வந்துரும்" என்றது. நோண்டிப் பார்த்தாள். ரத்தம்தான் வெளியே வந்தது. குரங்கு ஒரு கொடியைப் பல்லில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியது. பல் அசையவில்லை, குரங்குக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. கரிச்சான் குருவி அடுப்புக்கரியைப் பொடித்துத் தேய்க்கச் சொன்னது. பல் வெளுத்தது, வலி அப்படியே இருந்தது. யானையிடம் போய்க் கேட்டபோது அது வெகுநேரம் யோசித்தது. "எனக்கு என்னம்மா தெரியும்? என் பல்லு வெளியதான் இருக்கு. மழை பெஞ்சா கழுவிட்டுப் போகுது" என்றது.

கிராம்பு மட்டும் ஒரு மொட்டைக் கொடுத்தது. "கடிச்சு வச்சுக்க. வலியைத் தூங்கப் பண்ணுவேன். ஆனா அது செத்துப்போகாது, நான் போனதும் எந்திரிச்சுக்கும்" என்றது. உள்ளதைச் சொல்லிக் கொடுத்த வைத்தியர் அது ஒன்றுதான். சொன்னபடியே வலி கொஞ்சநேரம் தூங்கி, பிறகு எழுந்துகொண்டது.

மருதி எங்கே போவது என்று தெரியாமல் வேம்பின் அடியில் வந்து உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தை அதன் பட்டையில் சாய்த்துக்கொண்டாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வேம்பின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கறுக், முறுக். கறுக், முறுக்.

அந்தச் சத்தம் வேம்புக்குத் தெரிந்த சத்தம். தன் குச்சிகளுக்குள் இனிப்பைத் தின்றுகொண்டு குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் சத்தம் அது. தன் வீட்டுப் பிள்ளைபோல் அதை இத்தனை காலம் வைத்திருந்தது. இப்போது அதே சத்தம் மருதியின் பல்லுக்குள்ளிருந்து கேட்டது.

வேம்பின் இலைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

"மருதி, உன் பல்லைத் தின்னுறது என் வீட்டுப் பூச்சிம்மா. நீ தூங்கும்போது என் குச்சியிலிருந்து உன் வாய்க்குக் குடிவந்திருக்கு. உனக்கு இனிப்பு குடுக்கிறதா நெனச்சு இதைக் குடுத்துட்டேன்."

"போகச் சொல்லு வேம்பம்மா."

"இனிப்பு இருக்கற வரைக்கும் அது போகாது. நான் கசந்தா போகும். அந்தக் கறுப்புச் சுனையை நான் வேர் நீட்டிக் குடிக்கணும்."

மருதி நிமிர்ந்து பார்த்தாள். வேம்பு தன்னைச் சுற்றிப் பார்த்தது. கிளைகளில் கிளிகள் கொஞ்சிக்கொண்டிருந்தன. கரடிக்குட்டி ஒன்று பட்டையை நக்கிக்கொண்டே தூங்கிப்போயிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றது வேம்பு. "கசந்தா என்கிட்ட யாரு வருவா?"

மருதிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. எல்லாரும் வருவார்கள் என்று அவள் சொல்லவில்லை. "நான் வருவேன்," என்றாள். "தினமும் கண்ணு முழிச்சதும் உன்கிட்டதான் முதல்ல வருவேன். அதுக்கு முன்னால யார்கிட்டயும் வாய் திறக்கமாட்டேன். என் புருஷன் கூப்பிட்டாக்கூட."

வேம்பு தன் இனிப்பையெல்லாம் கூட்டிச் சேர்த்தது. பூவில் கொஞ்சம் தேனாக ஒளித்துவைத்தது, தேனீக்கள் வந்துபோக. பழத்தில் கொஞ்சம் ஒளித்துவைத்தது, காக்கைக்கும் குழந்தைகளுக்கும். மீதியை மண்ணில் விட்டுவிட்டு, வேரை நீட்டிக் கறுப்புச் சுனையைக் குடித்தது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. மூடுபனி எழுந்து விலகி நின்று பார்த்தது. சுனை வற்றி அடிமண் தெரிந்தது. மிச்சம் ஒட்டிக்கிடந்த ஈரத்தைப் பாகற்கொடி பின்னால் போய் நக்கியது வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கிளிகள் முதல் கொத்திலேயே கத்திக்கொண்டு பறந்தன. கரடிக்குட்டி தூக்கத்தில் ஒரு நக்கு நக்கிவிட்டு எழுந்து ஓடியது. போகிறபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருதி ஒரு குச்சியை ஒடித்தாள். நுனியை மென்றாள். அவள் முகம் போன கோணலைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள், அக்காவைத் தேடிவந்த நஞ்சனும் சிரித்தான். மெல்ல மெல்ல நுனி நார்நாராகப் பிரிந்தது. அதை வலித்த பல்லில் வைத்துத் தேய்த்தாள். உள்ளே இருந்த பூச்சி ஒரு வாய் கசப்பைக் குடித்ததும், வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேறியது. வலி போன இடத்தில் காற்று பட்டதுபோல் குளிர்ந்தது. ஆனால் நாக்கில் கசப்பு அப்படியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதே குச்சியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வளைத்து, நாக்கை வழித்தாள். பூச்சி திரும்ப ஏறிக்கொள்ளக் கூடாதே என்று குச்சியைத் தூர எறிந்தாள். இனி எந்தக் குச்சியோடும் தூங்குவதில்லை என்றும் முடிவுசெய்தாள்.

தேன்நாள் வந்தது. சடையன் கொடியில் இறங்குமுன் கீழே எட்டிப்பார்த்து, "பாடுவியா புள்ளே?" என்று கேட்டான். "நீ இறங்கு மாமா," என்றாள் மருதி. பாடத் தொடங்கினாள். தேனீக்கள் கிறங்கின. ஓடை மெதுவானது. மூன்று அடைகளை அறுத்தெடுத்துக்கொண்டு சடையன் மேலே போய்ச் சேர்ந்து, மச்சினனின் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை பாட்டு ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

அன்று ஊரே ஆடிப் பாடிக் கொண்டாடியது. வேம்பின் பக்கம் ஒருவரும் வரவில்லை. அது தனியே நின்று தூரத்துப் பறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வாக்கு கொடுத்தபோது அவளுக்கு வலி இருந்தது. இப்போது வலி இல்லையே, இனி எதற்கு வருவாள் என்று நினைத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல முடியாது. மரமாக இருந்தாலும் மனசு மனசுதானே.

விடிந்தது. பனிக்குள் யாரோ நடந்து வந்தார்கள். பின்னாலிருந்து சடையன், "மருதி, எங்க போறே?" என்று கூப்பிட்டான். அவள் பதில் சொல்லவில்லை. உதட்டை இறுக மூடியபடியே வந்து, வேம்பின் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "வந்துட்டேன் வேம்பம்மா," என்றாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

அன்று முதல்தான் வேம்பு கசக்கிறது, அதன் பழம் மட்டும் லேசாக இனிக்கிறது. அன்று முதல்தான் மனிதர்கள் காலையில் எழுந்ததும், பெற்றவளே கூப்பிட்டாலும் வாய் திறக்காமல், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது முதலில் வேம்பிடம் போகிறார்கள்.