பதினொரு கூவல்

விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்கள் தூக்கம் கொஞ்சமாவது கெடட்டும் என்றுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் ஊசிமடுவு என்றோர் ஊர். அங்கே பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த மகளிர் குழு ஒன்று. காட்டுக்குள் போய்ச் சீமாற்றுப் புல் அறுத்துவந்து விளக்குமாறு கட்டுவது அவர்கள் தொழில். தலைவி மசக்காள். காட்டுக்குள் அவர்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. யானை என்ற பெயரை அங்கே வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயம். மற்றது, வீடு திரும்பும் நேரத்தில் மசக்காள் ஒரு கூவல் விடுவாள். புதர்களுக்குள் சிதறியிருக்கும் பதினொரு பேரும் ஒவ்வொருவராகப் பதில் கூவ வேண்டும். பதினொன்றும் வந்தால்தான் நடை திரும்பும். ஒன்று குறைந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இருபது வருஷமாக இந்த எண்ணிக்கை தப்பியதில்லை.

இந்தக் குழுவோடு மூன்று மாதம் தொண்டு செய்ய நெதர்லாந்திலிருந்து ஹன்னா என்றொரு பெண்மணி வந்தார். விளக்குமாறு கட்டக் கற்றார், தமிழும் கற்றார். கற்காத ஒன்று, கழுத்தில் கிடக்கும் பைனாகுலரைக் கழற்றிக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு மறக்காமல் இருப்பது. மலையணிலைக் கண்டாலும் கடமானைக் கண்டாலும் குழந்தை மாதிரி குதிப்பார். எங்கே எது வரும் என்று காட்டியவள் குழுவிலேயே சுறுசுறுப்பான ரங்கி. அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகள். புருஷன் இல்லை.

ஹன்னாவின் சங்கம், குழுவிலிருந்து ஒருத்தியைத் தங்கள் நாட்டுக்கு அழைத்து மேடையேற்ற விரும்பியது. ஹன்னா ரங்கியின் பெயரை எழுதிப்போட்டார். பதில் கடிதம் தலைவி கைக்குத்தான் வந்தது. மசக்காள் அதைக் குழுவுக்கு வாசித்துக் காட்டினாள். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாழ்த்து என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காட்டுக்குப் போனார்கள். காலையில் ரங்கி ஹன்னாவைத் தண்ணீர் மடுவுக்கு மேலிருந்த பாறைக்குக் கூட்டிப்போய்க் கடமான்களைக் காட்டினாள். மத்தியானம்தான் ஹன்னா கழுத்தைத் தடவிப் பார்த்தார். பைனாகுலர் பாறையிலேயே கிடந்தது.

"அப்பாவோடது, ரங்கி. எடுத்துத் தருவாயா?"

"அதுக்கென்னுங்க்கா, ஒரே ஓட்டத்துல எடுத்தாந்தர்றேன்" என்று கிளம்பினாள் ரங்கி. வழியில் தோழி குருவம்மாளிடம் நின்றாள்.

"நான் வாரதுக்குள்ள மசக்கா கூவுச்சுன்னா, எனக்குஞ் சேத்திக் கூவிப்போடு. தனியாப் போனது தெரிஞ்சா வையும். குறுக்கு வழியில வந்து உங்களோட சேந்துக்கறேன்."

அன்று வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கூவல் எழுந்தது. ஏன் என்று தலைவி சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. குருவம்மாள் தனக்காக ஒருமுறை கூவினாள். கொஞ்சம் தள்ளிப்போய், குரலை மாற்றி, ரங்கிக்காக ஒருமுறை கூவினாள். மசக்காளின் பக்கத்தில் நின்ற ஹன்னா பதினொன்றையும் விரல்விட்டு எண்ணி, ரங்கி வந்துவிட்டாள் என்று நிம்மதியானார். மசக்காள் ஒரு கணம் நின்றாள். பிறகு, "செரி, நடங்க" என்றாள்.

இருட்டியும் ரங்கி வீடு சேரவில்லை; மறுநாள் காலை தேடிப்போனவர்கள் அவளை மடுவோரம் கண்டெடுத்தார்கள். குட்டி போட்ட யானை மிதித்திருந்தது. அவள் முகம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கையில் இருந்த பைனாகுலரின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஹன்னா, "பைனாகுலரை ஆசையாகக் கேட்டாள், கொடுத்தேன்" என்றார். அதைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மசக்காள், "மடுவுக்குப் போற தடத்துல ஆவி பறக்க ஆனை லத்தி கெடந்துச்சுங்க, பக்கத்துலயே குட்டிக் காலடி. அதனாலதான் வெரசாக் கூப்பிட்டனுங்க. பதினொண்ணும் எண்ணித்தான் நடந்தனுங்க" என்றாள். அதிகாரி அவளுடைய சமயோசிதத்தைப் பாராட்டினார்.

குருவம்மாள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாள். மசக்காள் அன்றே தீர்மானம் எழுதி அவளைக் குழுவிலிருந்து நீக்கினாள். ரங்கியின் மகளைப் பார்க்கப் போனவளை அந்தப் பிள்ளையின் பாட்டனார் வாசலிலேயே காறித் துப்பி அனுப்பினார். அவள் இப்போது யாரோடும் பேசுவதில்லை.

ரங்கிக்கு வந்த அழைப்பில் மசக்காள் விமானம் ஏறினாள். நெதர்லாந்தில் ஒரு பெரிய மண்டபம். முதல் வரிசையில் ஹன்னா. மசக்காள் கூவல் வழக்கத்தை விளக்கினாள், மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கண்ணைக் கட்டி உட்டாலும் ஆரு கூவறாங்கன்னு சொல்லிப்போடுவனுங்க. ஒருத்தியாட்டம் இன்னொருத்தி கூவ முடியாது. கூவுனாலும் எங்கிட்டத் தப்ப முடியாது" என்றாள்.

பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தி மாதிரியும் கூவிக் காட்டினாள். குருவம்மாளின் கூவல் கனத்து இழுத்தது. கடைசியாக ரங்கியின் கூவல், நடுவில் உடைந்து மேலே ஏறியது. அப்படியே ரங்கிதான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

இப்போது சொல்லுங்கள். ரங்கியைக் கொன்றது யார்? பைனாகுலரை மறந்தவரா? பொய்க் கூவல் கூவியவளா? எண்ணிக்கை சரி என்று நடையைத் திருப்பியவளா? யானையைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

விடை: மறந்தவருக்கும் கூவியவளுக்கும் மடுவில் என்ன நிற்கிறது என்று தெரியாது. மசக்காளுக்கு அது தெரியும். பதினோராவது குரல் ரங்கியுடையது இல்லை என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் "நடங்க" என்றாள். அவள்தான் கொன்றாள். குருவம்மாளோ இன்றுவரை, தானே கொன்றதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று அவளிடம் போய்ச் சொல்லக்கூடியவர், மசக்காள் அதிகாரியிடம் சொன்னதையும் மேடையில் சொன்னதையும் சேர்த்துக் கேட்ட ஒரே ஒருவர்தான். சொன்னால் பைனாகுலரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அவர் முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.