அண்டாவுக்குள் பார்த்தவள்

ஏழு கடலும் தாண்ட வேண்டாம், ஏழு மலையும் ஏற வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர், அந்த ஊர் ஓரத்தில் ஒரு சின்ன மடம் இருந்ததாம். மடத்தின் குரு ஒரு பெண், பெயர் மீனலோசனி. அவருக்கு ஒரே சிஷ்யை, செண்பகவல்லி. வேடிக்கை என்னவென்றால், சிஷ்யைதான் வயதில் மூத்தவள். பேத்தி எடுத்த பிறகு மடத்துக்கு வந்தவள். அவள் குருவை "அம்மா" என்பாள். குரு அவளை "அக்கா" என்பார்.

ஒரு நாள் காலையில் நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் முகாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு நோவும் இல்லாத பெண்களும் வர வேண்டும்.

செண்பகவல்லி அடுப்படியை விட்டு நகரவில்லை.

"போகலையா அக்கா?"

"எனக்கு எதுக்கும்மா? கல்லு மாதிரி இருக்கேன். அதோட, இந்த உடம்பு நானில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதை மட்டும் நல்லாப் பிடிச்சுக்கிட்டீங்க."

செண்பகவல்லியின் தங்கை அந்த நோயில்தான் போனாள். உதிரம் நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனாள். குரு அதைப் பற்றிப் பேசவில்லை.

"சரி, சாம்பார் வைக்கலாம். பித்தளை அண்டாவை எடுங்க."

செண்பகவல்லி அண்டாவை வெயிலுக்கு இழுத்துவந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"வெளியே பளபளன்னுதானே இருக்கு? உள்ளே என்ன பார்வை?"

"நல்லாக் கேட்டீங்க! ஈயப்பூச்சு எங்கேயாவது போயிருந்தா, புளி பட்டதும் களிம்பு ஏறிடும்."

"களிம்பு தெரிஞ்ச பிறகு பார்த்தாப் போதாதா?"

"அப்புறம் பார்த்து? சாம்பாரைக் கீழேதான் கொட்டணும்."

"இந்த அண்டா நீங்களா அக்கா?"

"இல்லையே."

"பிறகு ஏன் பார்க்கிறீங்க?"

செண்பகவல்லி அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். மெல்லச் சொன்னாள்.

"கூச்சமா இருக்கும்மா."

"எனக்கும்தான். நானும் வரேன். சேர்ந்தே கூச்சப்படுவோம்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"ஏதாவது இருந்துட்டா?"

"அண்டாவில் ஈயம் போயிருந்தா என்ன செய்வீங்க?"

"பூசிக்கிட்டு வருவேன்."

"தூக்கிப் போட மாட்டீங்களா?"

"ஐயையோ! எத்தனை பேருக்குச் சோறு போட்ட அண்டா! இதையா?"

குரு வாசலுக்குப் போனார். குனிந்து, செண்பகவல்லியின் செருப்பை எடுத்து, அவள் காலடியில் வைத்தார்.

"அம்மா, நீங்க போய் என் செருப்பை..."

"எனக்கும் தூக்கிப் போட மனசு வராது அக்கா. வாங்க."

செண்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். குரு அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பின்னால் போனார்.